சொட்டுகிற குழாயும் ஓசோன் ஓட்டையும்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். மணி அடித்ததும் விளக்கு, மின்விசிறி எல்லாம் ஓட ஓட அப்படியே போய்விடுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி, "எல்லாம் அழியத்தானே போகுது மிஸ், இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்வது?
- ஓர் ஆசிரியை

பதில்: வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் கேடு வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதுதான் நிலைத்த வளர்ச்சி: அவர்கள் ஒப்பிக்கும் இந்த வரையறை 1987-இல் ஐ.நா. ஆணையம் ஒன்றின் அறிக்கையில் வந்தது. பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதியது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதைக் கடைசி வகுப்புக்குத் தள்ளிவிடுங்கள். சுவரொட்டி வரைவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

பள்ளியில் சொட்டுகிற குழாய் ஒன்று எப்படியும் இருக்கும். அதன் அடியில் அளவுக் குவளையைப் பத்து நிமிடம் வையுங்கள். 30 மில்லி சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். பெருக்கினால் 4,320 மில்லி, அதாவது நாலு லிட்டருக்கு மேல். கணக்கை நீங்கள் போடாதீர்கள், அவர்கள் போடட்டும். போட்டு முடித்ததும் யாராவது ஒருவன் "இன்னொரு குழாயும் சொட்டுது மிஸ்" என்பான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறிக்கும் இதே வழிதான்: எத்தனை வாட், எத்தனை மணி நேரம். "அணைச்சுட்டுப் போங்க" என்று நீங்கள் தினமும் கத்துவதைவிட அவர்களே போட்ட கணக்கு உறைக்கும்.

அந்த மாணவி கேட்டது வேறு விஷயம். "அப்படியெல்லாம் ஆகாது" என்று தட்டிக்கொடுக்காதீர்கள், நம்பமாட்டாள். முதலில் வகுப்பைப் பார்த்து "பூமி ஏன் சூடாகிறது?" என்று கேளுங்கள். பாதிப் பேர் "ஓசோனில் ஓட்டை" என்பார்கள். பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கரியமில வாயு போன்றவை வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் வருவது புவி வெப்பமாதல். ஓசோன் படலமோ சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம் ஓசோன் கதையை முழுசாகச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்கள் அந்தப் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். தயாரித்த கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1985-இல் அண்டார்க்டிகா மேலே ஓட்டை இருப்பதை அளந்தே காட்டிவிட்டார்கள். 1987-இல், அதாவது உங்கள் வரையறை வந்த அதே வருடம், அந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு உலக நாடுகள் அத்தனையும் அதில் சேர்ந்தன. அந்த வாயுக்களின் தயாரிப்பு கிட்டத்தட்ட நின்றுபோனது. ஓட்டை மெதுவாக ஆறிக்கொண்டிருக்கிறது. முழுதாக ஆற இந்த நூற்றாண்டில் பாதிக்கு மேல் ஆகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கரியமில வாயுவின் கதை இவ்வளவு சுலபமில்லை, மாற்றுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அது தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொய்யான தைரியத்தைப் பிள்ளைகள் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

சரி, அந்தக் குழாய். அதைப் பழுது பார்க்கச் சொல்லித் தலைமை ஆசிரியருக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதட்டும், கணக்கோடு. சரிசெய்த பிறகு மறுபடி பத்து நிமிடம் அளக்க வேண்டும். அப்போது குவளையை அந்த மாணவியின் கையில் கொடுங்கள்.