கஷ்டத்தில் விட்டுவிடாத விசுவாசம், வசதி வந்ததும் ஏன் சோர்ந்துபோகிறது?

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டைச் சேர்த்துப் படியுங்கள். சிமிர்னா ஏழைச் சபை, உபத்திரவத்தில் இருந்தது. அதற்கு ஒரு கண்டிப்பும் இல்லை. 'மரணபரியந்தம் உண்மையாயிரு' என்ற தைரியம் மட்டும்தான். அதே ஊரில்தான் பிற்பாடு அந்தச் சபையின் வயதான கண்காணி போலிகார்ப் கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்து இரத்தசாட்சியானார்.

லவோதிக்கேயா நேர் எதிர். கறுப்புக் கம்பளிக்குப் பேர்போன பணக்கார ஊர். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமலே தானாக எழுந்து நின்றது. 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்ற பேச்சு சபைக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். இந்த ஊருக்கோ குழாயில் வந்த தண்ணீர், சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. சுண்ணாம்பு படிந்து அடைத்த அந்தக் குழாய்களை இன்றும் பார்க்கலாம். 'வெதுவெதுப்பாயிருக்கிறாய்' என்று கடிதம் சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று உறைத்திருக்கும்.

எனக்கும் அப்படித்தான். வேலை இல்லாத வருஷத்தில் விடியற்காலை ஜெபத்துக்கு அலாரமே தேவைப்படவில்லை. வேலை கிடைத்தது, அப்புறம் ஞாயிறு ஆராதனைக்கே இரண்டாம் பாட்டு முடிந்துதான் போய்ச் சேர்வேன். விசுவாசத்தை நான் விட்டுவிடவில்லை, அவசரம்தான் போய்விட்டது. இப்போது ஒரு நண்பரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஜெபிக்கிறேன். அவர் காத்திருப்பார் என்பதற்காகவாவது போகிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? 'வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்று கிறிஸ்து சொல்லும் வசனத்தை விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கென்றே சொல்கிறோம். அது லவோதிக்கேயா சபைக்குச் சொன்னது.