ஹாலுக்கு ஐவரியா, லைட் கிரேயா?

வடக்கு பார்த்த ஜன்னல், வெள்ளை டைல்ஸ், ராத்திரி ட்யூப்லைட்னு சொல்லிட்டு சுவருக்கு ஐவரி பெயிண்டா லைட் கிரேயான்னு கேட்டிருக்கீங்க. இந்த ஹாலுக்கு என் ஓட்டு ஐவரிக்குத்தான்.

வடக்கு ஜன்னல்ல வருஷத்துல பல மாசம் நேர் வெயில் வராது, வர்றது வானத்து வெளிச்சம், அதுல லேசா நீலம் இருக்கும், லைட் கிரே அதை அப்படியே வாங்கிக்கும். ராத்திரி 6500கே எல்ஈடி, அதான் லேசா நீலம் அடிக்கற வெள்ளை லைட், வேற போட்டீங்கன்னா பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரிதான் இருக்கும் போங்க. வெளிச்சக் கணக்குலயும் ஐவரி ஒரு படி மேல. எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருக்கு, சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருதுன்னு 0ல இருந்து 100 வரைக்கும். ஐவரி மாதிரி ஆஃப் வைட் எல்லாம் பெரும்பாலும் 70க்கு மேல நிக்கும், லைட் கிரே பல நேரம் அதுக்குக் கீழதான்.

அதுக்காக ஐவரி சாதுன்னு நினைக்காதீங்க. பளிச்சுனு புது வெள்ளை ஸ்விட்ச் பிளேட் மாட்டினா அதைச் சுத்தி சுவர் பழசாகி மஞ்சளான மாதிரி தெரியும், வெள்ளை சீலிங் ஓரத்துலயும் இதே கதைதான். அதனால மஞ்சள் கம்மியா இருக்கற ஐவரியா பாருங்க. ஷேட் கார்டு பக்கத்துல ஒரு ஏ4 பேப்பரை வச்சுப் பாருங்க, அடியில ஓடுறது மஞ்சளா பிங்க்கான்னு உடனே காட்டிக்குடுத்துடும். கிரேயும் அப்படித்தான், சிலதுல நீலம், சிலதுல வயலட், கடைக்காரர் எல்லாத்தையும் கிரேன்னுதான் சொல்வார்.

மேற்கு பார்த்த பெட்ரூம் இருந்தா அங்க கிரே அடிங்க, சாயங்கால வெயில்ல ஐவரி சந்தனமாயிடும், கிரே அசராது. சிவப்பு ரெட் ஆக்சைட் தரை உள்ள பழைய வீடுன்னா ரெண்டுமே சுவரோட கீழ்ப்பக்கம் லேசா ரோஸ் அடிக்கும், தரையோட கலர் மேல ஏறுது, பெயிண்டரைத் திட்டிப் புண்ணியமில்ல.

எதுவா இருந்தாலும் பிரைமர் அடிச்ச சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி, ரெண்டு கோட் அடிச்சுக் காயவிட்டு, காலையிலயும் ட்யூப்லைட்லயும் பாருங்க. எமல்ஷன் ஈரத்துல வெளுப்பா இருந்து காஞ்சதும் ஒரு சுத்து டார்க்காகும். பிடிச்சிருந்தா ஹால் முழுசுக்கும் பெயிண்டை ஒரே தடவையில மிக்ஸ் பண்ணி வாங்கிடுங்க, பாதியில இன்னொரு டப்பா வாங்கினா அதே ஷேட் நம்பர்லயும் சில நேரம் கொஞ்சம் வித்தியாசம் வரும்.