‘தி நியூ யூரோப்’: முதல் உலகப் போர்க்கால வார இதழ் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: போர் நேரத்தில் வெளிநாட்டு அரசியலுக்கென்றே ஒரு பத்திரிகையா? நடத்தியது யார்?

பதில்: வரலாற்றாசிரியர் ராபர்ட் சீட்டன்-வாட்சன். முதல் இதழ் லண்டனில் 1916 அக்டோபர் 19 அன்று வந்தது. ‘தி டைம்ஸ்’ பத்திரிகையாளர் விக்காம் ஸ்டீட், லண்டன் கிங்ஸ் கல்லூரி முதல்வர் ரொனால்ட் பர்ரோஸ், செக் தலைவர் மசாரிக் எல்லோரும் கூட இருந்தார்கள். ‘முழு வெற்றிக்காக’ என்ற பிரெஞ்சு வாசகத்தைத் தாங்கி வந்தது. எதிரிப் பேரரசான ஆஸ்திரியா-ஹங்கேரியோடு அரைகுறை சமாதானம் கூடாது, அதன் கீழுள்ள செக், ஸ்லோவாக், தெற்கு ஸ்லாவ், ருமேனிய மக்களுக்கு விடுதலை வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

கேள்வி: பணம் அரசாங்கத்துடையதா, ஐயா?

பதில்: இல்லை, அவருடைய சொந்தப் பணம். அவர் அப்பா கல்கத்தாவில் தேயிலை வியாபாரம் செய்தவர். குடும்பத்தில் வசதி இருந்தது. அதை இதில் கொட்டினார் என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

கேள்வி: ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்துக்காரருக்கு ஸ்லோவாக்குகள்மேல் என்ன இவ்வளவு அக்கறை?

பதில்: நல்ல கேள்வி. தொடக்கத்தில் அவர் ஹங்கேரியின் ரசிகர். 1906-இல் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் அங்கே ஸ்லோவாக்குகளும் ருமேனியர்களும் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தெரிந்தது. மனம் மாறி, 1908-இல் ‘ஸ்கோட்டஸ் வியாட்டர்’ என்ற புனைபெயரில் அதைப் பற்றித் தடிமனான புத்தகமே போட்டார். போர் வெடித்ததும், 1914 அக்டோபரில் ராட்டர்டாமில் மசாரிக்கைச் சந்தித்தார். மசாரிக் சொல்லச் சொல்லக் கேட்டு, செக் மக்களின் தாயகமான பொஹீமியா சுதந்திர நாடாக எப்படி அமைய வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதி பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையிடம் கொடுத்தார். நாடு கடந்து வந்த மசாரிக்குக்கு கிங்ஸ் கல்லூரியில் வேலை கிடைக்கவும் பாடுபட்டார். சிறிய தேசங்களைப் பற்றி மசாரிக் அங்கே முதல் உரை நிகழ்த்தியது 1915 அக்டோபர் 19. இதழ் பிறந்தது சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில்!

கேள்வி: அரசு சும்மா விட்டதா?

பதில்: விடவில்லை. 1917-இல் அவரை ராணுவ மருத்துவப் படையில் சேர்த்து, ஆஸ்பத்திரித் தரையைத் தேய்க்கிற வேலை கொடுத்தார்கள். மத்திய ஐரோப்பாவை அவரளவுக்கு அறிந்தவர்கள் பிரிட்டனில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்; அவர் கையில் துடைப்பம்! படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். நல்லவேளை, அவர் அருமை தெரிந்தவர்கள் தலையிட்டுப் போர் அமைச்சரவையின் உளவுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கேள்வி: அப்போ இது நேசநாடுகளின் பிரசாரம்தானே, அண்ணா?

பதில்: அப்படித் தள்ளிவிடாதீங்க தம்பி. 1915 லண்டன் ரகசிய ஒப்பந்தத்தில் ஏட்ரியாட்டிக் கடலோரப் பகுதியான டால்மேஷியாவின் ஒரு பகுதியை இத்தாலிக்குத் தருவதாக பிரிட்டன் வாக்குக் கொடுத்திருந்தது. அங்கே பெரும்பான்மை ஸ்லாவ் மக்கள். இத்தாலி கூட்டாளி நாடு என்று பார்த்து இதழ் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: புதிய எல்லைகளுக்குள் சிக்கிய ஹங்கேரியர், ஜெர்மானியர் பிரச்சினை எவ்வளவு பெரிதாகும் என்பதை இந்தக் குழு குறைத்தே மதிப்பிட்டது.

கேள்வி: எப்போது நின்றது?

பதில்: 1920-இல். இரண்டு ஆண்டு கழித்து ஸ்லாவிய ஆய்வுக்கென ஒரு பருவ இதழை ரஷ்ய வரலாற்று அறிஞர் பெர்னார்ட் பேர்ஸுடன் சேர்ந்து தொடங்கினார். கிங்ஸ் கல்லூரியில் மசாரிக் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியும் அவருக்கே வந்தது. மசாரிக் அப்போது செக்கோஸ்லோவாக்கியாவின் ஜனாதிபதி.