தெருவில் நின்ற காரில் கீறல்: க்ளெய்ம் போடலாமா?

கேள்வி: இரவு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் இரண்டு கதவுகளில் யாரோ ஆணியால் கோடு இழுத்துவிட்டு, பின்னால் வரும் வண்டியைக் காட்டும் பக்கக் கண்ணாடியையும் உடைத்திருக்கிறார்கள். பெயின்ட் 8,000, கண்ணாடி செட் 6,000 என்கிறது சர்வீஸ் சென்டர். 1,200 சிசி கார், காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி) இல்லை. போனஸ் கழிக்கும் முன் ஓடி (ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 12,000. க்ளெய்ம் போடாத ஆண்டுகளுக்காக அந்தப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் (என்சிபி) இப்போது 35 சதவீதம். க்ளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறுமா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: விஷமிகள் செய்த சேதத்துக்கு உங்கள் பாலிசியில் இழப்பீடு உண்டு. பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் கிடையாது. ஆனாலும் க்ளெய்ம் போடாதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதலில் கைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். பெயின்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000 போச்சு. கண்ணாடி செட்டின் கூடு பிளாஸ்டிக்; முழு செட்டையும் பிளாஸ்டிக்காகக் கணக்கிட்டால் 50 சதவீதத் தேய்மானம், 3,000 போச்சு. 1,500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் (ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000. ஆக, 14,000 பில்லுக்குக் கிடைப்பது 9,000.

இனி இழப்பு. யார் செய்த சேதமானாலும் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் 45, அதன்பின் 50 சதவீதம் கிடைத்திருக்கும். க்ளெய்ம் போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து ஆண்டு வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். 12,000 பிரீமியத்துக்கு 14,400 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. காரின் ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மைத் தொகை கொஞ்சம் குறையலாம்; ஆனாலும் 9,000-ஐத் தாண்டிவிடும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் மாற்றம் இல்லை. க்ளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் என்சிபி புரொடெக்ஷன் ஆட்-ஆன் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கி, பானெட்டும் நசுங்கி பில் 40,000-ஐத் தொட்டால் தயங்காமல் க்ளெய்ம் போடுங்கள். அப்போது வண்டியைத் துடைக்காமல், நகர்த்தாமல், நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றதற்கான சான்று) வாங்குங்கள். பல நிறுவனங்கள் கேட்கும். அன்றைக்கே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். பம்பரில் இருக்கும் பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால் கேட்காதீர்கள். துருவையும் அழுக்கையும் வைத்தே சர்வேயர் பழசு எது என்று சொல்லிவிடுவார். பிறகு மொத்த க்ளெய்மும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

கேள்வி: க்ளெய்ம் வாங்கிய பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினால் போனஸைத் தக்கவைக்க முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியாது. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பொய்யாக எழுதிக்கொடுத்து தள்ளுபடி வாங்கியிருந்தால், பின்னால் விபத்து நேரும்போது ஓடி க்ளெய்மையே மறுக்க அது இடம் கொடுக்கும்.