நடவு முடிந்து மூன்று வாரம், நெல்லில் துருப்புள்ளி: ஜிங்க் குறையாக இருக்கலாம்

வணக்கம். நடவுக்கு டிஏபி உரம் போட்டும் பயிர் குட்டையாக நிற்கிறது, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி, கடையில் இன்னொரு மூட்டை டிஏபி போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். நம் பாலக்காட்டுச் சித்தூர்க் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அதில் துத்தநாகம் (ஜிங்க்) இருந்தாலும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது. டிஏபியில் இருக்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடினால் இன்னும் மோசம்.

இளம் இலையின் அடிப்பாகம், நடுநரம்பு வெளுத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஜிங்க் குறைதான். புள்ளி கண் வடிவில், நடுவில் சாம்பலாக இருந்தால் அது குலைநோய், வேறு வைத்தியம்.

முதலில் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். அப்புறம் பத்து லிட்டருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், மணலில் கலந்து கடைசி உழவில் போடுங்கள். டிஏபியோடு மட்டும் கலக்காதீர்கள். நான் ஒரு வருடம் கலந்து காசைக் கரைத்தேன். ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று போகம் தாங்கும், வருடாவருடம் வேண்டாம்.

அரிசியில் சத்து கூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோதுமையில் பூத்தபின் தெளித்தால் மணியில் துத்தநாகம் நன்றாகவே ஏறுகிறது. நெல்லில் அவ்வளவு ஏறாது.