ஹுவா ஹின்னில் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கோவையில் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில். ஜனவரியில் தாய்லாந்தின் ஹுவா ஹின் போய்ப் பத்து நாள் தங்கி வீடு பார்த்தோம். இரண்டு இடம் பிடித்திருக்கிறது. ஒன்று காவ் தகியாப் பக்கம் கடல் பார்த்த அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி, 60 சதுர மீட்டர். இன்னொன்று தோட்டத்தோடு தனி வீடு. நிலம் 30 ஆண்டுக் குத்தகை, மேலும் இருமுறை முப்பது முப்பதாக நீட்டித் தருவார்கள் என்கிறார் தரகர். எதை வாங்கலாம்? பணம் அனுப்புவது எப்படி? மருத்துவக் காப்பீடு அவசியமா? மனைவி சைவம். அவளுக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை. வந்துவிட்டால் பழகிவிடும்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடைசி மூன்று வாக்கியங்களுக்காகத்தான் இந்தப் பதில். வெளிநாட்டுக் கடற்கரையில் வீடு தேடுகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் இரண்டு பேர் சேர்ந்து இருக்கப்போகும் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். இருவரில் ஒருவர் தனியாக மிஞ்சப்போகும் வீட்டை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவை.

தனி வீட்டை விட்டுவிடுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. குத்தகையைச் சட்டம் 30 ஆண்டுக்கு மேல் பதிய விடாது. அதற்குப் பிந்தைய முப்பதுகள் நிலத்துக்காரர் தரும் வாக்குறுதி மட்டுமே. நிலம் கைமாறினால் புதியவரை அது கட்டுப்படுத்தாது. உள்ளூர்க்காரர் பெயரில் கம்பெனி தொடங்கி நிலம் வாங்கலாம் என்று அதே தரகர் அடுத்துச் சொல்வார். பினாமி ஏற்பாடு அங்கே குற்றம்.

அடுக்குமாடி வீட்டை உங்கள் பெயரிலேயே வாங்கலாம். ஆனால் கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம்தான் வெளிநாட்டவருக்கு. வீடுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, பரப்பளவை வைத்துக் கணக்கு. அதில் இடம் மிச்சமிருக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணத்தில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இங்கிருந்து டாலர் போன்ற அந்நிய நாணயமாகவே போக வேண்டும், தாய்லாந்து நாணயமான பாட் ஆக மாறுவது தாய்லாந்து வங்கியில் நடக்க வேண்டும். அனுப்பும் நோக்கம் 'அடுக்குமாடி வீடு வாங்க' என்று படிவத்தில் இருக்க வேண்டும். அனுப்புபவர் பெயரும் வாங்குபவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் வந்ததற்கு அந்த வங்கி அந்நியச் செலாவணிச் சான்று தரும். அது இல்லாமல் நில அலுவலகம் பதியாது. பிற்காலத்தில் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகவும் அதே தாள்தான் உதவும். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அனுப்பும்போதே 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த வீட்டையும் வங்கிக் கணக்கையும் வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட மறக்காதீர்கள். வங்கியில் இருந்தவர், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீடு அவசியம். எழுபதை நெருங்கினால் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். இப்போதே எடுங்கள்.

கட்டடத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஜனவரியில் வானம் தெளிந்திருக்கும், காற்று இதமாக இருக்கும், பார்த்த எல்லாமே பிடித்துவிடும். அங்கே மழை வலுப்பது அக்டோபர், நவம்பரில். வடகிழக்குக் காற்று அலையைக் கரைக்கு ஏற்றுவதும் அதையொட்டித்தான். தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல், வெளியிடுகிறது. அதில் நீர்மட்டம் மிக உயரும் நாளைப் பார்த்துப் போய், கட்டடத்தின் முன்னால் நடக்க மணல் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேல்பூச்சை வெடிக்க வைக்கும். ஆகவே பால்கனியில் நின்று கடலைப் பார்த்தது போதும், அண்ணாந்து மேல் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கறை, புதிதாகப் பூசிய சதுரம் தெரிகிறதா? ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே பூச்சு கழன்றிருக்கிறது. ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா பாருங்கள். கைப்பிடிக் கம்பியின் துருப்பிடிக்காத எஃகு 304 ரகமா 316 ரகமா என்று கேளுங்கள். கடலோரத்தில் 304 சீக்கிரமே பழுப்புப் படியும். பிறகு நிர்வாகத்திடம் கடந்த சில ஆண்டுகளின் பொதுக்குழுக் குறிப்பு, பராமரிப்பு நிதியின் இருப்பு, எத்தனை பேர் மாதக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு மூன்றையும் வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 40 பாட் என்றால் உங்கள் வீட்டுக்கு மாதம் 2,400. பாதிப் பேர் கட்டாத கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் ஒன்பது மாடியையும் முழங்கால் வலியோடு ஏற வேண்டியவர் நீங்கள்.

இப்போது உங்கள் மனைவி.

ஆர், கடிதம் முழுக்க நீங்கள்தான். இத்தனை ஆண்டுகள் உடன் இருந்தவருக்கு மூன்று வாக்கியம், அதிலும் 'பழகிவிடும்' என்று தீர்ப்பு. எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை, அந்தக் கடலை அவரோடு பார்க்கத்தான் ஆசைப்படுகிறீர்கள் என்பதும் புரிகிறது. ஆனால் அவரைவிட நான்கு வயது மூத்தவர் நீங்கள். பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நெடுநாள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் கடைசியில் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். வாங்கும்போதே அதை வைத்து வாங்க வேண்டாமா?

விசாவிலிருந்து தொடங்குவோம். 50 வயது கடந்தவர் ஓய்வுக்காலத் தங்கல் கேட்க, தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைத்திருக்க வேண்டும், நம் கணக்கில் இருபது லட்ச ரூபாய்க்கு மேல். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பும் அனுமதிக்குப் பின் மூன்று மாதமும் அதைத் தொடக் கூடாது. பிறகும் 4,00,000க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவையும் உங்கள் பெயரில் செய்து, அவரை உங்களைச் சார்ந்தவராகச் சேர்த்துவிடலாம் என்பார்கள். செலவு பாதி. ஆனால் உங்கள் மூச்சு நின்ற அன்றே உங்கள் அனுமதி முடிகிறது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய அனுமதியும் ஆதாரம் இழக்கிறது. வங்கி உங்கள் கணக்கை முடக்கும். சொத்து நிர்வாகியை நீதிமன்றம் நியமிக்கும்வரை பைசா வெளியே வராது, அதற்கு மாதங்கள் ஆகும். துக்கத்தில் இருக்கும் பெண், தெரியாத மொழியில், கையில் பணமில்லாமல், குடியேற்ற அலுவலக வரிசையில் நிற்பார். அவருக்கு 57 வயது, தனியாகவே தகுதி இருக்கிறது. அவர் பெயரில் தனிக் கணக்கு, தனி 8,00,000, தனி அனுமதி. இது முடியாதென்றால் உங்களிடம் அந்த வீட்டுக்குப் பணமில்லை என்று அர்த்தம். சிறிய வீடாகப் பாருங்கள், கடல் தெரியாத பக்கத்தில் பாருங்கள்.

பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கட்டும், டாலரும் இருவரிடமிருந்தும் போகட்டும். வாரிசாக வரும் வெளிநாட்டவர் அடுக்குமாடிச் சட்டத்தின் 19ஆம் பிரிவுத் தகுதிக்குள் (வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டுவந்து வாங்கியவர் போன்றோர்) வராவிட்டால் ஓராண்டுக்குள் விற்றாக வேண்டும். அவர் பங்கு அவர் பணத்திலேயே வந்ததாக இருந்தால் அந்தப் பங்குக்கு அந்தக் கவலை இல்லை. தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் அங்குள்ள வழக்கறிஞரிடம் தனி உயில் எழுதுங்கள், இருவரும்.

அடுத்த முறை போகும்போது அவரைப் பின்னால் கூட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அவர் தனியாகச் சந்தைக்குப் போகட்டும், மருந்துக் கடையில் தனக்கு வேண்டிய மாத்திரையைக் கேட்டு வாங்கட்டும், 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கும் படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும். சைவம் என்று சொன்னால் காய்கறியில் மீன் சாறு ஊற்றித் தருவார்கள், அவர்களுக்கு அது உப்புக்குச் சமம். 'ஜே' என்று கேட்க வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை என்றால் நம்பிச் சாப்பிடலாம். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

இந்த ஆண்டு எதையும் வாங்காதீர்கள். செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை அந்தக் கட்டடத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். நடுவில் ஊருக்கு வந்து போவதென்றால், கிளம்புமுன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் தங்கல் அனுமதி அத்தோடு போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பாருங்கள்: நீங்கள் குடியிருப்பதை டிஎம்30 படிவத்தில் குடியேற்ற அலுவலகத்துக்கு வீட்டுக்காரர் தெரிவிப்பாரா, மின்கட்டணம் மின்வாரிய விலையிலா அவர் வைத்த விலையிலா. இரண்டாவதில் ஏமாந்தால் ஏசி ஓடும் மாதத்தில் வாடகைக்குச் சமமாகப் பில் வரும்.