இருபடியாக மாறும் திரிகோணகணிதச் சமன்பாடுகள்: வன்னி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இணைந்த கணிதம் கற்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கோணத்தை எங்கும் ‘அ’ எனக் குறித்துள்ளேன். அது 0 பாகையிலிருந்து 360 பாகைக்குள், 360 நீங்கலாக.

கிளிநொச்சி மாணவி: 2கோசைன்²அ + 3சைன்அ = 3 என்பதில் இரண்டும் கலந்திருக்கின்றனவே, ஐயா?

முதலாம் படியில் நிற்பதை அப்படியே விட்டு, வர்க்கமாக நிற்பதை மாற்ற வேண்டும், பிள்ளை. சைனைக் கோசைனாக்கப் போனால் வர்க்கமூலம் வந்து வேலையைக் கெடுக்கும். கோசைன்²அ = 1 − சைன்²அ எனப் பிரதியிட்டு, சைன்அ = ச என்று கொண்டால் 2ச² − 3ச + 1 = 0, அதாவது (2ச − 1)(ச − 1) = 0 கிடைக்கும். ச = 1/2 எனில் 30, 150 பாகை; ச = 1 எனில் 90 பாகை மட்டும். ச-வைக் கண்டதும் பேனையை மூடிவைத்த விடைத்தாள்கள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன், கேட்கப்பட்டது கோணம்.

துணுக்காய் மாணவன்: 2ச² − 5ச + 2 = 0 இல் ச = 2 உம் வருகிறது.

சைன் 1ஐத் தாண்டாது. அதைக் காரணமாக எழுதி அந்த மூலத்தை நீக்குக.

நெடுங்கேணி மாணவன்: சைன்2அ = கோசைன்அ இல் இருபுறமும் கோசைனை வெட்டலாமா?

வெட்டக் கூடாது. சைன்2அ = 2சைன்அ கோசைன்அ ஆதலால், கோசைன்அ(2சைன்அ − 1) = 0 எனக் காரணிப்படுத்துக. வெட்டியவருக்கு 30, 150 மட்டுமே மிஞ்சும். 90, 270 இரண்டும் சத்தமின்றிப் போய்விடும்.

வவுனியா மாணவி: சைன்²அ = சைன்அ இல் வெட்டலாமா?

மேலே பார்க்க. இங்கே 0, 180 போகும்.

மல்லாவி மாணவன்: சைன்அ − கோசைன்அ = 1 ஐ வர்க்கிப்பது ஆபத்து என்றும், தான்சன்(அ/2) = த என்ற பிரதியீடே பாதுகாப்பானது என்றும் அண்ணா சொல்கிறார்.

அண்ணா சொன்னதில் பாதி சரி. சைன்அ = 1 + கோசைன்அ என்று எழுதி வர்க்கித்தால் 2கோசைன்²அ + 2கோசைன்அ = 0 ஆகி, 90, 180, 270 வரும்; மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 270 பொருந்தாது. ஆனால் அவருடைய வழியில் சைன்அ = 2த/(1 + த²), கோசைன்அ = (1 − த²)/(1 + த²) என இட்டால் 2த − 1 + த² = 1 + த² ஆகிறது; த² இருபுறமும் ஒழிந்து, த = 1, 90 பாகை மட்டும் கிடைக்கிறது. 180 எங்கே போயிற்று? அங்கே அ/2 = 90 ஆதலால் தான்சனுக்குப் பெறுமானமே இல்லை. த² ஒழிந்தால் 180ஐத் தனியே சோதிக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு மாணவி: அப்படியானால் வர்க்கிப்பதே மேல் என்கிறீர்களா? பிழையான விடையை எழுதினாலும் புள்ளி போகுமே.

பதரைச் சுளகில் புடைத்து எறியலாம். வயலிலேயே விட்டு வந்த கதிரை எந்தச் சுளகில் தேடுவது? ஆயினும் இரண்டையும் விட நல்ல வழி உண்டு: √2 சைன்(அ − 45) = 1 என்று எழுதினால் அ − 45 ஆனது 45 அல்லது 135; ஆகவே 90, 180. கூடவுமில்லை, குறையவுமில்லை.

முள்ளியவளை மாணவன்: கோசைன்2அ = கோசைன்அ இல் கோசைனை வெட்டி…

அங்கே வெட்டுவதற்கே எதுவுமில்லை, தம்பி. கோசைன்2அ என்பது கோசைனை 2அ ஆல் பெருக்கியதன்று. கோசைன்2அ = 2கோசைன்²அ − 1 ஆதலால், கோசைன்அ = க எனில் 2க² − க − 1 = 0; க = 1, −1/2; விடை 0, 120, 240.